ஈரப்பாசியில் சுற்றிய சீசா

மாதப்பன் கைபட்ட ஒட்டு வீணாகாது என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகும் வழியில் இருக்கும் காப்பி எஸ்டேட் அது. நர்சரியில் நூறு கமலா ஆரஞ்சுக் கன்றுக்கு அவன் ஒட்டுக் கட்டினால் தொண்ணூறு துளிர்த்துவிடும். மற்றவர்கள் கட்டினால் அறுபது வருவதே பெரிய பாடு.

ரகசியம் ஒன்றும் இல்லை. கவனம்தான். நல்ல தாய்மரத்திலிருந்து வெட்டிய ஒட்டுக்குச்சி காயக்கூடாது, சூடு படக்கூடாது. அதற்காக மாதப்பன் மரத்தண்டில் படர்ந்திருக்கும் பச்சைப் பாசியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிவான். அதைக் குச்சியைச் சுற்றி வைத்து, மேலே வாழைப்பட்டையை மடித்து நாரால் கட்டுவான். அப்படிக் கட்டிய குச்சியை மாரமங்கலம் வரை நடந்தே கொண்டுபோனாலும், மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தாலும், இப்போதுதான் வெட்டியது போல இருக்கும்.

நர்சரியில் வேலை செய்யும் பெண்கள் அவனைக் கிண்டல் பண்ணுவார்கள்.

"ஏனுங்க மாதப்பண்ணா, ஊர்ச்செடிக்கெல்லாம் புள்ளை குடுக்கற கையி, உங்க ஊட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம் பண்ணுது?"

மாதப்பன் சிரித்துவிட்டு அடுத்த கன்றை எடுப்பான். அதே நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருக்கும் அவன் மனைவி காவேரி சிரிக்கமாட்டாள். பேச்சு புருஷன் மேல் எறியப்பட்டாலும் வந்து விழுவது தன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருடத்தில் காவேரி படாதது இல்லை. சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டி வந்தாள். இரண்டு தடவை மயக்க ஊசி போட்டுக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். ஒரு தடவை கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் உட்கார முடியாமல் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் நின்றுகொண்டே வந்தாள். மூன்று மாதம் தினமும் விடிந்ததும் வாயில் தெர்மாமீட்டரை வைத்து, எழுத்துத் தெரியாததால் பாதரசம் ஏறிய உயரத்தைக் காலண்டரில் கோடு கோடாகப் போட்டு, அதை அப்படியே சுருட்டிக் கொண்டுபோய்க் காட்டினாள். மாதாமாதம் சரியாகக் கருமுட்டை வருகிறது, குறை ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"அடுத்த தடவை உன் புருஷனைக் கூட்டிட்டு வா. அவருக்குச் சோதனை பண்ணாம இனிமே உன்மேல நான் கை வைக்கமாட்டேன். மொதல்லயே பண்ணியிருக்க வேண்டியது. அது ஒரே நாள் வேலை, வலியும் கிடையாது."

காவேரி அதை அப்படியே வந்து சொன்னாள். மாதப்பனுக்கு அந்த வாரம் காப்பிப் பழம் பறிப்பு. அடுத்த வாரம் நாற்றுப் பாத்திக்குப் பந்தல். அதற்கடுத்த வாரம் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சேகர் லீவு தரவில்லை. சேகரிடம் லீவே கேட்கப்படவில்லை என்பது காவேரிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு மாதப்பனின் அக்கா காளியாயி வந்ததும்தான் விஷயம் முற்றியது. காளியாயி மஞ்சக்குட்டையில் வாக்கப்பட்டவள். தாய் இறந்தபின் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளுடைய மகள் மருதாயி ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை என்பது அவர்கள் வழக்கம். காளியாயி முறுக்கைக் கடித்துக்கொண்டே, காவேரி காதில் விழும்படி சொன்னாள்.

"வைகாசியில சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாரேன், மாதப்பா. அன்னைக்கு ஒரு முடிவைச் சொல்லிப்போடு. மருதாயிக்கு நீதான் மாமன். காவேரியும் இருக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா நம்ம அப்பன் பேரு சொல்ல ஒண்ணு வேணுமா வேண்டாமா?"

மாதப்பன் முறுக்குத் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினான். அக்காவிடம் மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமே இல்லை. காவேரிக்கு அக்கா சொன்னதைவிட அவன் சும்மா இருந்ததுதான் சுட்டது. அக்கா பஸ் ஏறிய பிறகு அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு தடவை அந்தச் சோதனைக்குப் போயிட்டு வந்துருங்க. உங்ககிட்டக் குறை இல்லைன்னு காயிதம் வரட்டும். மருதாயிக்கு நானே தலைசீவிப் பூ வச்சு உடுறேன். ஆனா அந்தக் காயிதம் வராம இந்த ஊட்டுக்குள்ள இன்னொருத்தி வந்தா, நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். திரும்ப வரமாட்டேன். இது சத்தியம்."

காவேரி சத்தியம் செய்து மாதப்பன் கேட்டதே இல்லை. தை பிறந்ததும் சேலம் பஸ் ஏறினான்.

பரிசோதனை நிலையத்தில் ஆறுமுகம் என்று ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. நாலு நாள் மனைவியோடு சேராமல் இருந்தானா என்று கேட்டுக்கொண்டார். கட்டை விரல் உயரத்தில் வாய் அகன்ற ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொடுத்தார். அதில் பிளாஸ்திரி ஒட்டி 'மாதப்பன், 31' என்று எழுதியிருந்தது. நடைவழியின் கடைசியிலிருந்த கழிப்பறையைக் கை காட்டினார். விந்தை அதில் பிடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். ஆனால் அது அங்கே வரும் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை. தாழ்ப்பாள் பாதிதான் விழுந்தது. மாதப்பன் உள்ளே போன ஐந்தாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. "யாருங்க உள்ளே? பெரியவருக்கு அவசரமுங்க!" பத்தாவது நிமிடம் இன்னொருவர் தட்டினார். பதினைந்தாவது நிமிடம் மாதப்பன் வேர்த்து விறுவிறுத்து வெறும் சீசாவோடு வெளியே வந்தான். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தன் கையையே பார்ப்பது போல அவனுக்கு இருந்தது.

"ஊட்டுல இருந்து கொண்டாரலாமுங்களா?" என்று ஆறுமுகத்திடம் கிசுகிசுத்தான்.

"ஊடு எங்கே?"

ஏற்காடு மலைமேல் என்று சொன்னால் அவர் ஏதாவது உரக்கக் கேட்பார், பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்க்கும். "பக்கத்துலதானுங்க" என்றான் மாதப்பன்.

"அப்பச் சரி. சிந்தாம, கெடாம, காலைல வெள்ளனே கொண்டாந்து குடுத்துருங்க."

மாதப்பனுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. கெடாமல் கொண்டுவருவது எப்படி என்று அவனுக்கா தெரியாது?

மறுநாள் காலை மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. வீட்டிலேயே காரியம் முடிந்தது. மாதப்பன் சீசாவின் மூடியை இறுக்கினான். கொல்லைப்புற மரத்திலிருந்து நல்ல பச்சைப் பாசியாகப் பிய்த்து, தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சீசாவைச் சுற்றிக் கனமாக வைத்தான். வாழைப்பட்டையை மடித்து நார் போட்டுக் கட்டினான். இத்தனை வருடத்தில் அவன் கட்டிய கட்டுகளிலேயே அழகான கட்டு அதுதான். காவேரி அப்போது தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள். அவளிடம் காட்ட வெட்கமாக இருந்தது. துணிப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தான். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெயில் படாமல், குளிர்ந்த காற்று நன்றாகப் படும்படி பையைப் பிடித்துக்கொண்டான். ஆறுமுகம் கையில் சேர்த்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பரிசோதனை நிலையத்து வாசலிலேயே கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டான். ஈரம் சொட்டுவது மரியாதையாக இருக்காதே.

சாயங்காலம் ஆறுமுகம் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"டாக்டரம்மாவைப் பாருங்க."

"என்னங்க போட்டிருக்குது?"

"உசுரோட ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் அசைவில்லாம இருக்குது. நான் சொல்லக்கூடாது. டாக்டரம்மா சொல்வாங்க."

அன்று மாதப்பன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. நேராகப் பஸ் ஏறினான். வீட்டுக்கும் போகவில்லை. நர்சரிக் கொட்டகைக்குப் போய், ஒட்டுக் கத்திகள் வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் அந்தக் கவரை வைத்தான்.

காவேரி கேட்டதற்கு, ரிசல்ட் வர நாளாகும் என்றான். அதற்குப் பிறகு அவன் நடந்துகொண்ட விதம்தான் அவளுக்குப் புதிராக இருந்தது. குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். ஆம்பளை தண்ணீர் பிடிக்க வந்ததைப் பார்த்து தொழிலாளர்களின் லயன் வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். பஜாருக்குப் போனவன் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். அவள் சோற்றில் தன் பங்கு முட்டையை வைத்தான். கட்டிய ஒட்டில் பாதி இளகிக் கிடந்தது. ரைட்டர் சேகர் வந்து, "என்ன மாதப்பா, கை நடுங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தாவது நாள் இருவரும் கொட்டகையில் தனியாக இருந்தபோது மாதப்பன் கன்றைக் கீழே வைத்தான்.

"காவேரி, நீ உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு புள்ளை."

மண் அள்ளிய கை அப்படியே நின்றது. "அக்கா சொன்னதுக்குச் சரின்னு சொல்லிட்டீங்களா?"

"அய்யோ, அது இல்லை. உனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகுது. வேற ஒரு நல்ல இடமா..."

"பாதிக் கதையைச் சொல்லாதீங்க. முழுசாச் சொல்லுங்க."

மாதப்பன் தகரப் பெட்டியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தான். இங்கிலீஷ் எழுத்து இருவருக்கும் தெரியாது. ஆனாலும் காவேரி அதை நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் செத்துப்போச்சாம்" என்றான் அவன். "எட்டு வருசமா உன்னைப் போட்டுப் படுத்திருக்கறேன். குறை என்கிட்ட."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். காவேரி தாளை மடித்து இடுப்பில் சொருகினாள்.

"எனக்கு மயக்க ஊசி போட்டாங்களே, ரெண்டாவது தடவை, ஞாபகம் இருக்குதா? கண்ணு முழிச்சுப் பார்க்கறேன், நீங்க பக்கத்துல உட்கார்ந்து பன்னு தின்னுட்டு இருந்தீங்க."

"பசிச்சுதுடி."

"அன்னைக்குக்கூட உங்களை விட்டுட்டுப் போகலை. இந்தக் காயிதத்துக்கா போவேன்? வியாழக்கிழமை டாக்டரம்மா இருப்பாங்க. ரெண்டு பேரும் போலாம். கண்ணைத் தொடைங்க, மண்ணுக் கையில தொடைக்காதீங்க."

வியாழக்கிழமை டாக்டரம்மா கண்ணாடியை மாட்டித் தாளைப் படித்தார். நெற்றி சுருங்கியது. திரும்பவும் படித்தார்.

"எண்ணிக்கை கொஞ்சம் இருக்கு. ஆனா ஒண்ணுகூட அசையலைன்னா விசித்திரமா இருக்கே. இதை லேபிலேயே எடுத்துக் குடுத்தீங்களா?"

"இல்லீங்கம்மா, ஊட்டுல."

"ஊடு எங்கே?"

இந்த முறை காவேரி பதில் சொன்னாள். "ஏற்காட்டுக்கு மேலேங்கம்மா, மஞ்சக்குட்டை வழியில."

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார். "அங்கிருந்து எப்படிக் கொண்டுவந்தீங்க?"

வந்ததிலிருந்து தலை குனிந்திருந்த மாதப்பன் இந்தக் கேள்விக்கு நிமிர்ந்தான். இது அவனுக்குத் தெரிந்த விஷயம். எந்த மரத்துப் பாசி நல்லது, எவ்வளவு பிழிய வேண்டும், வாழைப்பட்டையின் உள்பக்கம் எப்படி வர வேண்டும் என்று கையை வைத்து விளக்கினான். பஸ்ஸில் ஜன்னலோரமாகக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டதையும் சொன்னான். "கொஞ்சங்கூடச் சூடு படலைங்கம்மா. ஐஸு மாதிரிதான் கொண்டாந்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தின் பக்கம் நாற்காலியோடு திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மாதப்பன் பயந்துபோனான். திரும்பியபோது அவர் கண்ணில் நீர் இருந்தது, ஆனால் அது வேறு நீர்.

"அப்பா, அது ஒட்டுக்குச்சி இல்லை. உடம்புச் சூட்டிலேயே வாழுற உயிரு. குளிர் பட்டா சுருண்டுபோகும். அரை மணி, மிஞ்சினா ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சுக் கொண்டுவரணும். நீங்க ரெண்டரை மணி நேரம் ஈரப்பாசியில் வச்சு, ஏற்காட்டுப் பனியில் காட்டிக் கொண்டுவந்திருக்கீங்க. எவன் பிழைப்பான்?"

காவேரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். முதலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்தான் அவள் அப்படிச் சிரித்து மாதப்பன் பார்த்திருந்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தால் நல்லது என்று தோன்றியது.

"இந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் கழிச்சு மறுபடி பண்ணலாம். லேப் கழிப்பறையில் முடியலைன்னா பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போடுங்க. இதிலே வெட்கப்பட ஒண்ணுமே இல்லை."

பங்குனியில் போனார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னது லாட்ஜ் மானேஜருக்குத் தெரியாதே. காலை பத்து மணிக்குப் பெட்டி படுக்கை இல்லாமல் வந்து, ஒரு மணி நேரத்துக்கு ரூம் கேட்ட ஆணையும் பெண்ணையும் அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"யாருய்யா இந்தப் பொம்பளை?"

இருவரும் ஏதோ வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் போல மாதப்பன் முழித்தான். காவேரிதான் முன்னால் வந்தாள். கழுத்திலிருந்த தாலியை வெளியே இழுத்து மேஜைக்கு மேலே நீட்டினாள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. எட்டு வருசம் ஆச்சுதுங்க. ஆசுபத்திரிக்குச் சோதனை குடுக்க வந்திருக்கறோம். உங்களுக்கு இன்னும் விவரமாச் சொல்லோணுமா, இல்லை சாவியைக் குடுக்கறீங்களா?"

மானேஜர் சாவியைக் கொடுத்தார். ஒரு மணி நேர வாடகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சீசாவைக் காவேரிதான் கொண்டுபோனாள். ரவிக்கைக்குள் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவில் விடுவிடு என்று நடந்தாள். மாதப்பன் பின்னாலேயே ஓடினான். எட்டே நிமிடத்தில் ஆறுமுகத்தின் மேஜைமேல் சீசா இருந்தது. ஆறுமுகம் தொட்டுப் பார்த்து, "இன்னைக்குச் சூடா இருக்குதுங்க" என்று மாதப்பனைப் பார்த்துச் சிரித்தார். பாசி விஷயம் அவர் வரைக்கும் வந்திருந்தது.

இந்தத் தாளைப் படித்துவிட்டு டாக்டரம்மா தலையாட்டினார். "உயிர் இருக்கு. ஓடுது. ஆனா எண்ணிக்கை கம்மி. ரெண்டு கோடியாவது இருக்கணும். உங்களுக்கு எழுபது லட்சம்தான் இருக்கு."

மாதப்பன் வாயைப் பிளந்தான். "எழுபது லட்சமுங்களா? அது பத்தாதுங்களா?"

"பத்தாது."

"ஒண்ணு போதுமுன்னு நெனச்சேனுங்க."

"ஒண்ணுதான் முட்டையோட சேரும். ஆனா அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள லட்சம் லட்சமா வழியிலேயே நின்னுபோகும். அதனால கிளம்புறதே நிறையக் கிளம்பணும்." பிறகு அவனை ஒரு ஆண் டாக்டரிடம் அனுப்பினார். அவர் பரிசோதித்துவிட்டு, இடது விதையில் ரத்தக்குழாய் வீங்கிச் சுருண்டிருக்கிறது என்றார். அந்த இடம் சூடாகி எண்ணிக்கை குறையுமாம். சின்ன ஆபரேஷன். சரியானால் எண்ணிக்கை ஏற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் புதிதாக உருவாவதற்கே அவ்வளவு நாள் பிடிக்கும். பீடியை விட வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும் வேலைக்குப் போகக் கூடாது.

டாக்டரம்மா மேற்கொண்டு இருக்கும் வழிகளையும் மறைக்காமல் சொன்னார். "ஆபரேஷனுக்குப் பிறகும் தானாத் தங்கலைன்னா, உங்க விந்தையே சுத்தம் பண்ணி, முட்டை வர்ற நாள் பார்த்து மெல்லிய குழாய் வழியா கர்ப்பப்பையில் விடலாம். அதுவும் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். நாலஞ்சு தடவை பண்ண வேண்டியிருக்கும். அதுக்கும் மேலே மெட்ராஸ்ல பெரிய பெரிய வைத்தியம் வந்துட்டிருக்கு. இப்ப அதை நினைக்க வேண்டாம். ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறதும் ஒரு வழிதான். எதுவானாலும் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க."

பஸ்ஸில் வரும்போது மாதப்பன் கேட்டான்: "அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

காவேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அது உங்க இஷ்டமுங்க. என்மேல இருக்கற பேரு எனக்குப் பழகிப்போச்சு."

இதற்குப் பதில் அவள் தன்னை அடித்திருக்கலாம் என்று மாதப்பனுக்குத் தோன்றியது.

வைகாசித் திருவிழாவுக்குக் காளியாயி வந்தாள். கூட மருதாயியும் வந்தாள், புதுப் பாவாடை தாவணியில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. சேர்வராயன் கோயிலுக்குப் போய்த் திரும்பி, காவேரி போட்ட காப்பியைக் குடித்து முடித்ததும், காளியாயி பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. லயனில் இருந்த நாலைந்து பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். இப்படி ஒன்று நடக்கப்போவது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

"என்னடா மாதப்பா, முடிவு சொல்லு. நான் வந்த சோலியை முடிச்சுட்டுப் போறேன்."

காவேரி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

மாதப்பன் எழுந்து நின்றான். வாசலில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட வேண்டுமா, துரத்த வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு அவர்களுக்கும் கேட்கும்படியே பேசினான்.

"அக்கா, குறை என்கிட்ட இருக்குது. காவேரிகிட்ட இல்லை. சேலத்துல சோதனை பண்ணிக் காயிதம் வாங்கியாச்சு. மருதாயியைக் கட்டினாலும் இதே கதைதான்."

"என்னடா ஒளர்றே? ஆம்பளைக்கு ஏதுடா கொறை? மலை மாதிரி இருக்கறே, மூட்டை தூக்கறே!"

"மூட்டை தூக்கறது வேற, இது வேறக்கா. ஒட்டுப் பிடிக்கலைன்னா அடியில இருக்கற வேர்க்கன்னையே குத்தம் சொல்லுவாங்க. ஒட்டுக்குச்சியிலயும் கோளாறு இருக்கலாமில்ல?"

"செடியும் மனுசனும் ஒண்ணாடா?"

"ஒண்ணு இல்லைதான். ஒண்ணுன்னு நெனச்சுத்தான் பாசியில சுத்திட்டுப் போனேன்" என்றான் மாதப்பன். அந்தக் கதையையும் முழுதாகச் சொன்னான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். காளியாயிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுதாக வரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"இதை ஊருக்கே கேக்கற மாதிரிச் சொல்றியே, உனக்கு மானக்கேடா இல்லையா?"

"எட்டு வருசம் அவளுக்கு இருந்துச்சேக்கா."

அடுப்பு ஓரத்தில் காவேரி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது யாரும் எதிர்பாராமல் மருதாயி வாயைத் திறந்தாள். "நான் நர்ஸ் படிக்கப் போறேன் மாமா. இதுவரைக்கும் என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த பூவை எடுத்துக் காவேரியின் தலையில் வைத்தாள். காளியாயி மகளை முறைத்தாள். ஆனால் பூவைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. போகும்போது தம்பியின் கன்னத்தைத் தடவி, "ஆபரேசனுக்கு நானும் கூட வாரேன் கண்ணு" என்றாள். வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் இருந்து, எல்லா நர்ஸிடமும் சண்டை பிடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் சட்டென்று ஒன்றும் நடந்துவிடவில்லை. எண்ணிக்கை ஒரு கோடியே முப்பது லட்சம் வரை ஏறி நின்றது. குழாய் வழியாக விடும் சிகிச்சையை மூன்று தடவை செய்தார்கள். முதல் இரண்டு தடவையும் நாள் தள்ளிப்போகும் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். இரண்டாவது தடவை ஏமாந்தபோது இருவரும் நர்சரியில் இருட்டும் வரை முன்னூறு கன்றுக்கு ஒட்டுக் கட்டினார்கள். மூன்றாவது தடவை தங்கியது. பிறந்த பெண்ணுக்குச் சின்னத்தாயி என்று மாதப்பனின் அம்மா பெயரை வைத்தார்கள். அவளுக்கு ஐந்து வயதாகிறது. நர்சரியில் இருக்கிற பாசியை எல்லாம் பொம்மைக்கு மெத்தையாகப் போட்டுவிடுகிறாள். ஒருவரும் அவளைத் திட்டுவதில்லை.

இப்போது மாதப்பனுக்கு எஸ்டேட்டில் இன்னொரு பெயரும் உண்டு. சேலத்துக்குப் போகத் தயங்கும் புருஷன்மார்களைக் கூட்டிப்போகிறவன் என்று. யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். போன வாரம் காப்பிப் பழம் பறிக்கும் சின்னன் கொட்டகைக்கு வந்து, அரை மணி நேரம் ஒட்டுக்குச்சியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். எந்த மாதம் வெட்டுவது, எப்படிக் கட்டுவது என்று. சின்னனுக்கு ஒட்டுக் கட்டுவதில் எந்தக் காலத்திலும் அக்கறை இருந்ததில்லை. கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. அவன் பெண்டாட்டி மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள்.

மாதப்பன் கத்தியைத் துடைத்து வைத்தான்.

"வியாழக்கிழமை மொத பஸ்ஸுக்கு வந்துரு. நானும் வாரேன். லாட்ஜு மானேஜர் நம்ம ஆளுதான், ஒண்ணும் கேக்கமாட்டாரு."

சின்னன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"ஏனுங்கண்ணா, ஏதாச்சும் கொண்டாரோணுமுங்களா?"

"உன்ற பெண்டாட்டியைக் கூட்டிட்டு வா" என்றான் மாதப்பன். "பனியன் போட்டுட்டு வா, சீசாவை உள்ளே உடம்போட ஒட்டி வச்சுக்கோணும். பாசி மட்டும் வேண்டாம்."